தரைக்கு அடியில் ஒரு மரபு: ஜார்ஜியக் குடும்பங்களின் திராட்சைத் தேறல்

காக்கசு மலைத்தொடரின் தென்புறத்தில், கருங்கடலின் கீழைக்கரையில் அமைந்த சிறிய நாடு ஜார்ஜியா. பேரரசுகள் பலவற்றின் படைவழியில் கிடந்த நாடு அது. ஆட்சிகள் மாறியபோதும் மாறாத ஒன்றை அந்நாட்டு உழவர் தம் வீட்டுத் தரைக்கு அடியில் காத்து வந்தனர். மண்தாழியில் திராட்சைத் தேறல் ஆக்கும் முறையே அது. பெரும்பாலும் குடும்பங்களின் கையால் மட்டுமே பிழைத்த அம்மரபின் வரலாறு, எந்த மரபைப் பேணுவோரும் அறியத்தக்கது.

இதன் தொன்மை வியப்புக்குரியது. தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே கடாச்ரிலி கோரா, ஷுலவெரிஸ் கோரா என்னும் புதிய கற்கால மேடுகளில் அகழ்ந்தெடுத்த சாடிச் சில்லுகளில் திராட்சைத் தேறலின் வேதியியல் தடயங்கள் இருப்பதை 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அவற்றின் காலம் கி.மு. 6000ஐ ஒட்டியது. அச்சாடிகள் இன்றைய பெருந்தாழிகளின் அளவினவல்ல. எனினும், ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்பே அம்மண்ணில் மட்கலமும் திராட்சையும் இணைந்துவிட்டன என்பது தெளிவு.

இன்று வழங்கும் தாழிக்குக் 'குவெவ்ரி' என்று பெயர். முட்டை வடிவினது; அடிப்பகுதி கூம்பி முடிவது. சில நூறு லிட்டர் முதல் சில ஆயிரம் லிட்டர் வரை கொள்ளும். குயவர் இதைச் சக்கரத்தில் வனைவதில்லை. களிமண்ணைத் திரித்து, வளையத்தின்மேல் வளையமாகச் சுற்றி, ஒரு வரிசை உலர்ந்த பின்னரே அடுத்ததை ஏற்றுவர். இவ்வாறு ஒரு தாழி உயர்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். பின்னர்ச் சூளையில் பல நாள் சுட்டு, சூடு ஆறும் முன் உட்புறத்தில் தேன்மெழுகு பூசுவர். இறுதியில் கழுத்துவரை மண்ணில் புதைப்பர். தாழிகள் புதைந்த அறை 'மரானி' எனப்படும். வீட்டிலேயே புனிதமான இடமாக மதிக்கப்படுவது அதுவே. ஒருமுறை புதைத்த தாழி தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும்.

அறுவடை இலையுதிர் காலத்தில் நிகழும். உற்றாரும் அண்டை அயலாரும் கூடிக் குலைகளைக் கொய்வர். குடைந்த மரத்தொட்டியில் இட்டுக் காலால் மிதிப்பதே பழைய முறை. கிழக்குப் பகுதியான கக்கேத்தியில் சாற்றோடு தோல், விதை, காம்பு ஆகிய யாவற்றையும் தாழியில் இடுவர். மேற்கே இமெரெத்தியில் அவற்றுள் ஒரு பகுதியை மட்டுமே சேர்ப்பர். நொதியை வெளியிலிருந்து சேர்ப்பதில்லை. பழத்தோலில் இயல்பாக உள்ள நொதியே போதும். பொங்கி மேலெழும் தோலை நாள்தோறும் பலமுறை கோலால் அமிழ்த்துவர். பொங்குதல் அடங்கியதும் வாயை மூடிக் களிமண்ணால் அடைத்துவிடுவர். ஐந்தாறு மாதம் கழித்து, வசந்தத்தில் திறப்பர்.

அந்த மாதங்களில் மனிதக் கை செய்வது ஏதுமில்லை. சுற்றியுள்ள மண் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கிறது. விதைகள் கூம்பிய அடியில் சென்று தங்க, அவற்றை வண்டல் மூடிவிடுவதால் கசப்பு மிகுதியாக ஏறுவதில்லை. தெளிந்த நீர்மம் மேலே நிற்கிறது. 'தேறல்' என்னும் தமிழ்ச்சொல்லுக்குத் தெளிந்தது என்பதே பொருள். அச்சொல் இதற்கு முற்றும் பொருந்துகிறது. இர்க்கட்சித்தெலி போன்ற வெள்ளைத் திராட்சையில் ஆக்கிய தேறல், தோலோடு நெடுநாள் கிடந்ததனால் தேன்நிறமும் துவர்ப்பும் பெறுகிறது. தாழி காலியானதும் அதைக் கழுவுவது கடும்பணி. பெருந்தாழியாயின் ஒருவர் உள்ளே இறங்கித் தேய்க்க வேண்டும். தேறலின் தரம் பெரிதும் அந்தத் தூய்மையைப் பொறுத்தது. இவற்றையெல்லாம் பிள்ளைகள் பெரியோரைப் பார்த்தே கற்றனர்.

அந்நாட்டின் பாட்டிலும் திராட்சைக்கு உயர்ந்த இடமுண்டு. 12ஆம் நூற்றாண்டு மன்னர் முதலாம் தெமெத்ரே துறவு பூண்ட காலத்தில் இயற்றியதாக மரபு கூறும் 'ஷென் ஹர் வெனாஹி' என்னும் துதி, இறையன்னையைத் திராட்சைத் தோட்டமாக விளிப்பது. அது இன்றும் திருமணங்களில் பாடப்படுகிறது.

பாட்டில் வாழ்ந்த அத்தோட்டம் நிலத்தில் பலமுறை அழிந்தது. 1614 முதல் 1617 வரை பாரசீக மன்னர் ஷா அப்பாஸின் படையெடுப்புகளால் கக்கேத்தி பாழாயிற்று; மக்கள் பெருந்தொகையாகப் பெயர்த்துச் செல்லப்பட்டனர். 19ஆம் நூற்றாண்டில் வேர்ப்பூச்சி நோய் கொடிகளைத் தாக்கியது. 1921இல் செஞ்சேனை புகுந்தபின் வந்த மாற்றம் வேறு வகையானது. நிலங்கள் கூட்டுப்பண்ணைகளாயின, தேறல் ஆலைப்பொருளாயிற்று. ஐந்நூறுக்கு மேற்பட்ட உள்நாட்டுத் திராட்சை வகைகளுள் மிகுந்த விளைச்சல் தரும் சிலவே பரவலாகப் பயிரிடப்பட்டன. ஆலைக்குத் தேவை அளவும் விரைவும். ஆறுமாதம் காத்திருக்கும் தாழிக்கு அங்கே இடமில்லை.

எனினும் வீட்டை ஒட்டிய சிறு நிலம் உழவரிடம் எஞ்சியிருந்தது. பகலில் பண்ணைக்கு உழைத்தவர் அந்தத் துண்டு நிலத்தின் கொடிகளைப் பேணி, தம் வீட்டுத் தேவைக்குத் தாழியிலேயே தேறல் ஆக்கினர். அது விற்பனைக்கு வரவில்லை. ஆகவே ஆலையின் அளவுகோல் அதைத் தீண்டவில்லை. 1985இல் கோர்பச்சேவ் தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் தோட்டங்கள் பல அகற்றப்பட்டபோதும் வீட்டு மரானிகள் தொடர்ந்தன.

1991இல் நாடு விடுதலை பெற்றது. 2006இல் ரஷ்யா ஜார்ஜியத் தேறலின் இறக்குமதியைத் தடைசெய்தது. ஏற்றுமதியில் பெரும்பகுதி அதுவரை ரஷ்யாவுக்கே சென்றதால் பேரிழப்பு நேர்ந்தது; தடை 2013 வரை நீடித்தது. புதிய சந்தைகளைத் தேடும் கட்டாயத்தில், பிற நாடுகளிடம் இல்லாத பொருள் எது என்ற வினா எழுந்தது. அதற்கான விடை சிற்றூர் வீடுகளின் தரைக்கு அடியில் இருந்தது. தமக்கென மட்டும் ஆக்கிவந்த குடும்பங்கள் சில புட்டிகளில் அடைத்துத் தம் பெயரிட்டு விற்கத் தொடங்கின. 2013 டிசம்பரில் யுனெஸ்கோ இம்முறையை மானுடத்தின் அருவ மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

இப்புகழுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. நாட்டின் மொத்த உற்பத்தியில் தாழித் தேறலின் பங்கு இன்றும் சிறிதே. அதனினும் கவலைக்குரியது, பெருந்தாழி வனையும் குயவர் குடும்பங்கள் மிகச் சிலவாகக் குறுகியமை. கக்கேத்தியின் வார்திசுபானி, இமெரெத்தியின் மகாதுபானி போன்ற ஊர்களில் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கிய கைத்திறன் அது. எந்த மண்ணை எடுப்பது, எவ்வளவு உலரவிடுவது, சுட்ட தாழியைத் தட்டிப் பார்த்து எவ்வோசைக்கு ஏற்பது என்பவை உடனிருந்து கற்பவை. விருதும் பட்டியலும் ஒரு தாழியை வனைந்துவிடா.

படையும் பூச்சியும் ஆணையும் கொடியை வெட்டின. வெட்டிய கொடியை மீண்டும் நட முடிந்தது. கைத்திறனோ, ஒரு தலைமுறை கற்கத் தவறினால் நடுவதற்கு வித்தின்றிப் போகும். ஜார்ஜியக் குடும்பங்கள் அதை இதுவரை காத்தது, பழம்பெருமை எனப் போற்றி ஒதுக்கி வைத்ததனால் அன்று; ஆண்டுதோறும் தம் உணவோடும் திருமணத்தோடும் விருந்தோடும் சேர்த்துப் பயன்படுத்தியதனால்தான். இனியும் அதைக் காக்கத்தக்கது அந்தப் பயன்பாடே ஆகும்.