குருதிச் சுற்றோட்டமும் தோட்டத் தொழிலாளரும்

ஈழத்துத் தமிழர் வரலாற்றில் 1872ஆம் ஆண்டு இருவகையிற் குறிப்பிடத்தக்கது. மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சியால், கிறேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ எனத் தமிழில் வெளிவந்தது அவ்வாண்டிலாகும். பெருந்தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டதும் அவ்வாண்டிலேயே. இதயமும் குருதிக்கலன்களும் பற்றிய அறிவு தமிழுக்கு வந்துவிட்டது. தமிழ்த் தொழிலாளியின் இதயத்திற்கு அதனால் விளைந்த நன்மை யாது என்பதே நாம் ஈண்டு எழுப்பும் வினா.

குருதி சுற்றியோடுகின்றது என்பதை வில்லியம் ஹாவி 1628இல் நிறுவினார். நாடிகளையும் நாளங்களையும் இணைக்கும் மயிர்த்துளைக்குழாய்களை மல்பீகி 1661இற் கண்டு விளக்கினார். உடலெங்கும் சென்று மீளும் குருதி இதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து, நுரையீரலில் ஒட்சிசன் பெற்று, இடப்பக்கத்தினூடாக மீண்டும் உடலுக்குச் செல்கின்றது. ஓய்வு நிலையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லீற்றர் குருதியை இதயம் செலுத்துகின்றது.

இப்பாதையையே கொழுக்கிப்புழுவும் பயன்படுத்துகின்றது. ஈரமண்ணில் வாழும் அதன் குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து, நாளத்திற் புகுந்து, வல இதயத்தின் வழியே நுரையீரலை எய்துகின்றது. பின்னர் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகின்றது. புளத்கொகுபிட்டியவைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் மழையும் வெப்பமும் நிழலும் அதற்கு உகந்தவை. மலகூடமற்ற லயங்களும் செருப்பற்ற கால்களும் எஞ்சிய வசதிகளைச் செய்து கொடுத்தன.

இங்கு பெரிதும் காணப்பட்ட இனத்தின் ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர் குருதியை இழக்கச் செய்யும். நூறு புழுக்களாயின், மாதமொன்றுக்கு 90 மில்லிலீற்றர். இரும்புச்சத்துக் குறைந்த உணவால் இவ்விழப்பை ஈடுசெய்தல் இயலாது. ஈமோகுளோபின் குறையவே, அதே அளவு ஒட்சிசனைக் கொடுக்க இதயம் விரைந்து துடிக்க வேண்டியதாகின்றது. கொழுந்துக் கூடையுடன் மலையேறுபவளின் இதயம் ஓய்விலேயே உழைத்துக் களைத்தது. நாளடைவில் அது விரிவடைந்து தளர்தலும் உண்டு. 1902இல் அமெரிக்கப் பத்திரிகைகள் இப்புழுவைச் ‘சோம்பற் கிருமி’ என்றழைத்தன. உழைப்பின் மிகுதி சோம்பல் எனப் பெயர் பெற்றமை ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. செக்றோலில் ‘அரைப்பேர்’ விழுந்தபோது அதன் உடலியற் காரணம் அங்கே எழுதப்படவில்லை.

1916இல் றொக்பெல்லர் நிறுவனம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. மருந்து புழுவை வெளியேற்றியது. மாசுற்ற மண் அதனை மீண்டும் காலில் ஏற்றியது. மருந்தை மட்டும் நம்புதலின் குறைபாடு உணரப்பட்டு, 1926இல் களுத்துறையிற் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பெற்றது. எனினும் மலகூடமும் நல்ல குடியிருப்பும் தோட்ட முதலாளியின் செலவுக் கணக்கிற்கு உட்பட்டவையாகவே இருந்தன. 1975இற் பெருந்தோட்டக் கம்பனிகளின் காணிகள் அரசுடைமையாகி, 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கைக்குச் சென்றது. குருதிச்சோகை தோட்டப் பெண்களிடத்து இன்றும் முற்றாக ஒழிந்திலது.

இதயத்தின் இயக்க விதிகள் துரைக்கும் தொழிலாளிக்கும் ஒன்றே. அவ்விதயம் எத்தகைய குருதியைச் செலுத்த நேர்ந்தது என்பதைத் தீர்மானித்தவை கூலியும் உணவும் குடியிருப்புமாம். ஆதலின் தோட்ட மருத்துவப் பதிவேடுகளைச் செக்றோலுடன் ஒப்புநோக்கிப் படித்தல் மலையக வரலாற்று ஆய்வாளரின் கடன் என்பது நம் துணிபு.