கேமராப் பையும் எக்ஸ்ரே பெட்டியும்

2005-ல் வெள்ளிமலையில் தாத்தா என்னைத் தூக்கி வைத்திருப்பதை மாமா படம் எடுத்தார். ரோல் முடியவில்லை என்று கேமராவை சூட்கேசில் போட்டு துபாய்க்குக் கொண்டு போய்விட்டார். அங்கே கழுவிப் பார்த்தால் ஒரே புகைமூட்டம்! அடுத்த விடுமுறைக்கு அவர் வந்தபோது தாத்தா இல்லை. ஏன் இப்படி ஆனது என்று தேடினேன், கிடைத்தது இதோ...

1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததும் மனைவியின் கையைப் பதித்தது போட்டோத் தகட்டில்தான். அதே கதிர் பிற்பாடு பிலிமுக்கே எமன் ஆனது. விமானக் கடத்தல்கள் பெருகவே, 1973 ஜனவரியில் அமெரிக்கா எல்லாப் பயணிகளையும் சோதிக்க ஆரம்பித்தது. எக்ஸ்ரே பெட்டிகள் பரவின. நம் மீனம்பாக்கத்தில் 1984 ஆகஸ்ட் 2 அன்று பெட்டியில் இருந்த குண்டு வெடித்து முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். 1999 கந்தஹார் கடத்தலுக்குப் பின், 2000 முதல் விமான நிலையக் காவல் மத்திய தொழிற் பாதுகாப்புப் படையிடம் வந்தது. இவ்வளவு நடந்த பிறகு சோதனையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

விஷயம் என்னவென்றால், சரக்கில் போடும் பெட்டிக்குப் பாயும் கதிர் கடுமையானது. அதனால் பிலிமைக் கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கக் கேட்க வேண்டும். புதிய சி.டி. இயந்திரங்களில் கைப்பைக்கும் இதே கதிதான். மெமரி கார்டுக்குப் பயமில்லை. உபரி லித்தியம் பேட்டரி மட்டும் கைப்பையில்தான் போக வேண்டும்.

அந்த நெகட்டிவை அம்மா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார்.