பிளாக்செயின் இருந்திருந்தால்...?

நம் வகுப்பில் பிளாக்செயின் என்றாலே சர்வரோக நிவாரணி மாதிரிதான் பேச்சு. "கொரோனா செயலிகளை அதில் போட்டிருந்தால் பிரைவசி தப்பியிருக்குமே" என்று ஒரு வாதம் வந்தது. 2020-ல் இதே யோசனையோடு நிறைய ஆய்வுக் கட்டுரைகளும் வந்தன. சரி, அப்போது உண்மையில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

சிங்கப்பூர் 2020 மார்ச் 20-ல் டிரேஸ்டுகெதர் செயலியை வெளியிட்டது. அருகருகே இருக்கும் இரண்டு போன்கள் ப்ளூடூத்தில் தற்காலிக எண்களைப் பரிமாறிக்கொள்ளும். யாரைச் சந்தித்தீர்கள் என்ற பதிவு போனிலேயே இருந்து 25 நாட்களில் அழிந்துவிடும். தொற்று வந்தால் மட்டும் அது சுகாதார அமைச்சகத்துக்குப் போகும். ஆனால் எந்த எண் யாருடையது என்பது அமைச்சகத்துக்குத் தெரியும். கதையே இங்கேதான்!

தொற்றுத் தேடலுக்கு மட்டுமே பயன்படும் என்று அந்த ஜூனில் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் உறுதி சொன்னார். 2021 ஜனவரி 4-ல் உள்துறைத் துணையமைச்சர் டெஸ்மண்ட் டான் நாடாளுமன்றத்தில், குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி போலீஸ் இந்தத் தகவலைக் கேட்டு வாங்கலாம் என்றார். ஒரு கொலை வழக்கில் ஏற்கெனவே கேட்டுமிருந்தார்கள். உறுதி சொன்னபோது அந்தச் சட்டம் தன் நினைவுக்கு வரவில்லை என்று பாலகிருஷ்ணன் மறுநாள் ஒப்புக்கொண்டார். அதற்குள் மக்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள். பிப்ரவரியில் ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டுச் சுருக்கினார்கள்.

ஐரோப்பாவில் கார்மேலா ட்ரோன்கோசோ தலைமையில் ஆய்வாளர்கள் 2020 ஏப்ரலிலேயே வேறு வழி சொன்னார்கள். அதன் பெயர் டிபி-3டி. தொற்று வந்தவர் தன் போனின் ரகசியச் சாவிகளை மட்டும் வெளியிடுவார். மற்றவர்களின் போன்கள் அதை இறக்கி, தாமே ஒப்பிட்டுக்கொள்ளும். யார் யாரைச் சந்தித்தார் என்ற பட்டியல் எந்த சர்வரிலும் உருவாகாது. இல்லாத பட்டியலை எந்தப் போலீஸ் கேட்கும்? ஆப்பிளும் கூகுளும் இதே பாணியில் இறங்கின. மைய சர்வர்தான் வேண்டும் என்றிருந்த ஜெர்மனியும் மனம் மாறி, ஜூன் 16-ல் இப்படி ஒரு செயலியை வெளியிட்டது.

இதில் பிளாக்செயினுக்கு எங்கே வேலை? கணக்கியலில் தப்பான பதிவை நாம் அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போடுகிறோம். பிளாக்செயினும் அப்படிப்பட்ட பேரேடுதான். யாரும் திருத்த முடியாது என்பது அதன் பெருமை. ஆனால் சிங்கப்பூரில் யாரும் எதையும் திருத்தவில்லையே! கேட்டு வாங்கினார்கள், அவ்வளவுதான். சாவி பயனரிடமே இருக்கும்படி செய்தால் பிரைவசி கிடைக்கும், உண்மை. அது டிபி-3டி பேரேடே இல்லாமல் செய்ததுதான். போதாக்குறைக்கு, இரண்டு மூன்று வாரத்தில் அழிய வேண்டிய தகவலை அழியாத ஏட்டில் எழுதுவானேன்?

2023 பிப்ரவரியில் சிங்கப்பூர் தன் செயலிக்கு விடைகொடுத்தது. சேர்ந்திருந்த தகவலை அழித்துவிட்டதாக அறிவித்தார்கள், அந்தக் கொலை வழக்கின் தகவலைத் தவிர.