நகலில் பிறந்த ஓசை

1962-இல் லண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் கூட்டாளிகளும் செய்தது, உள்ளபடி சொன்னால், காப்பிதான். அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்பின் மின்சுற்றை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆனா ஸ்பீக்கரும் டிரான்ஸ்ஃபார்மரும் பிரிட்டனில் கிடைத்தவை. ஓசை முரட்டுத்தனமாக மாறிப்போனது. அந்த முரட்டுத்தனத்தைத்தான் ராக் கிட்டார்காரர்கள் தேடிப்போனார்கள்.

2011-இல் அறிமுகமான ஜெர்மனியின் கெம்ப்பர் கருவி வேறு ரகம். ஆம்ப்புக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, மைக்கில் திரும்பி வருவதை அளந்து, அதே ஓசையை மென்பொருளில் கட்டிவிடுகிறது. இப்படியொன்று அன்றைக்கே இருந்திருந்தால் மார்ஷலுக்கு பாஸ்மேன்தான் கிடைத்திருக்கும், ஜேடிஎம்45 அல்ல. அப்புறம் இன்னொன்று: அது பிடிப்பது குமிழ்கள் ஒரே நிலையில் நின்ற ஆம்ப்பை, அதுவும் மைக் கேட்டதை மட்டும். ஸ்பீக்கர் தள்ளும் காற்று கிட்டார் கம்பியை மறுபடி அதிரவைக்குமே, அது ஹெட்ஃபோனில் வரவே வராது.