சுருதியும் லயமும்: ஓசூர் எஞ்சின்களின் கதை

கடல் மட்டத்திலுள்ள சென்னையில் நன்றாக ஓடும்படி கார்புரேட்டரைத் திருத்தி வைத்த ஒரு பழைய மோட்டார் சைக்கிள், கிருஷ்ணகிரியைத் தாண்டி, சூளகிரிப் பாறைகளின் ஓரமாக மேடேறி, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரை அடையும்போது, வழியெல்லாம் இல்லாத ஒரு தளர்ச்சியைக் காட்டுவதும், பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனையில் மெல்லிய கரி படிந்திருப்பதும் அந்தப் பாதையில் பயணம் செய்தவர்களுக்குப் புதிய அனுபவமன்று. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு இறங்கிவிடுகிறது. காற்று மெலிந்த அளவுக்குப் பெட்ரோல் மெலியாதபடியால் கலவை கொழுத்துவிடுகிறது. யந்திரம் பழுதாகவில்லை, அது இருக்கும் இடந்தான் மாறியிருக்கிறது. பழுது எது, இடத்தின் இயல்பு எது என்று பிரித்தறியும் ஞானம் இந்தப் பிரதேசத்தில் ஒரு தொழிலாக வளர்ந்த வரலாற்றைச் சொல்லவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஓசூர் எப்போதும் எல்லையூராகவே இருந்துவந்திருக்கிறது. புதிய ஊர் என்னும் பொருள்படும் அதன் பெயரே கன்னடம். அதன் கடைவீதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே பேரத்தில் கலந்து ஒலிக்கும். திப்பு சுல்தானுடன் செய்த 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையினால், கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகால் பிரதேசம் கிழக்கிந்தியக் கும்பினியார் வசமாயிற்று. திப்பு சுல்தான் வீழ்ந்த 1799க்குப் பின் ஓசூர்ப் பகுதியும் அதனோடு சேர்ந்தது. அருகிலுள்ள மத்திகிரியில் 1824இல் இராணுவத்துக்குக் குதிரை வளர்ப்பதற்கென ஒரு பண்ணை அமைந்தது; பிற்காலத்தில் அது கால்நடைப் பண்ணையாயிற்று. சேலம் ஜில்லாவிலிருந்து 1965இல் தருமபுரியும், தருமபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர் தொலைவில், மிதமான சீதோஷ்ணமும் விரிந்த புன்செய் நிலமும் உடையதாக இருந்த இவ்வூரைத் தமிழக அரசு தன் தொழில் வளர்ச்சிக்குரிய ஸ்தலமாகத் தேர்ந்தது. 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. 1980இல் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலை இங்கே வந்தது. அதே ஆண்டில், இருவர் அமர்ந்து செல்லத்தக்க இந்தியாவின் முதல் மொபெட் என்ற பெயருடன் டி.வி.எஸ். 50 இவ்வூரிலிருந்து வெளிவந்தது. குதிரை வளர்த்த மண் குதிரைச் சக்தியை வளர்க்கத் தொடங்கிற்று.

இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள இரண்டு உறுப்புக்களை அறிந்தாக வேண்டும். ஒன்று கார்புரேட்டர், மற்றொன்று கேம்ஷாஃப்ட். சுருதி மாதா, லயம் பிதா என்று சங்கீத உலகில் ஒரு வசனம் உண்டு. எஞ்சினுக்கு அந்த மாதா கார்புரேட்டர். காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் கலந்தால் எஞ்சின் இனிமையாகப் பேசுமோ அந்தச் சேர்க்கையைக் கணத்துக்குக் கணம் காப்பது அது. பிதா கேம்ஷாஃப்ட். கிராங்க் இரண்டு முறை சுழலும் காலத்தில் தான் ஒருமுறை சுழன்று, தன் மேட்டினால் வால்வுகளைத் தள்ளி, மூச்சை எப்போது உள்ளே இழுப்பது, எப்போது வெளியே விடுவது என்று தாளங்கட்டி நடத்துவது அது. சுருதி பிசகினாலும் லயம் பிசகினாலும் கச்சேரி கெடும். ஆயினும் எது பிசகிற்று என்பதைப் பழகாத செவி பிரித்தறியாது. யந்திரத்தின் விஷயமும் அத்தகையதே. வெடித்து உமிழ்தல், நின்ற நிலையில் தடுமாறுதல், மேட்டில் இழுக்காமை ஆகிய குறிகள் இரண்டு நோய்களுக்கும் பொதுவானவை. இந்த ஒற்றுமையே மெக்கானிக்குகளின் பரீட்சைக்களம்.

ஓசூரின் இருசக்கர வண்டிகளுக்கு முதல் இருபது ஆண்டுகள், விந்தையாக, பிதா இல்லாமல் மாதா மட்டும் ஆண்ட காலம். டி.வி.எஸ். 50 மொபெட்டும், ஜப்பானிய சுஸுகி நிறுவனத்தின் கூட்டுறவால் 1984இல் இங்கிருந்து புறப்பட்ட இண்ட்-சுஸுகி நூறு சி.சி. மோட்டார் சைக்கிளும், பின்வந்த சாமுராய், ஷோகன், ஷாவ்லின் வண்டிகளும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களைக் கொண்டவை. அவற்றில் கேமும் இல்லை, கேம் தள்ளும் வால்வும் இல்லை; மேலும் கீழும் போகும் பிஸ்டனே சிலிண்டர்ச் சுவரிலுள்ள துவாரங்களை மூடியும் திறந்தும் காலத்தைக் கணிக்கும். தன் கையாலேயே தாளம் போட்டுக்கொண்டு பாடும் பாடகனைப் போன்றது அது. ஆகவே, எல்லைச் சாலையோரத்தில் மரநிழலிலும் தகரக்கொட்டகையிலும் வளர்ந்த ஒரு தலைமுறை மெக்கானிக்குகள், சிறுவயதிலேயே குருவினிடம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துப் பழகியவர்கள், ஒரு குறியைக் கண்டதும் கார்புரேட்டரையும் பிளக்கையும் சைலன்ஸர்க் கரியையுமே நினைத்தார்கள். அந்த எஞ்சின்களில் அப்படி நினைத்தது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

2000ஆம் ஆண்டை ஒட்டி நிலைமை மாறிற்று. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் எரியாத பெட்ரோலின் ஒரு பகுதி புகையோடு வெளியேறிவிடும். புகைக்கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக அந்த வகைக்கு இடம் குறைந்தது. ஃபியரோ என்னும் ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் 2000இல் வந்தது. ஜப்பானியக் கூட்டுறவு முடிந்த 2001இல், சொந்த அறிவைக்கொண்டு வடித்த விக்டர் வந்தது. கேம்ஷாஃப்ட் ஓசூரின் இருசக்கர வண்டிக்குள் குடியேறிற்று. சென்னைத் திருவொற்றியூரில் 1955 முதல் உருவான என்ஃபீல்டு புல்லட்டைப் பிரித்துக் கோத்தவர்களுக்கு அது பழைய உறவினர். உள்மூச்சுக்கு ஒன்றும் வெளிமூச்சுக்கு ஒன்றுமாக இரண்டு கேம் சக்கரங்களை அவர்கள் அறிந்திருந்தார்கள். டூ-ஸ்ட்ரோக்கிலேயே ஊறிய மற்றவர்களுக்கோ அது புதிய மருமகன். வீட்டில் எது நடந்தாலும் பழகிய மாமியாரைக் குற்றஞ்சொல்லும் வழக்கம்போல, அவர்கள் கை முதலில் கார்புரேட்டர்த் திருகுக்கே போயிற்று.

அந்தக் கை போகக்கூடாத இடம் எது என்பதைப் புதிதாகக் கட்டிய எஞ்சினில்தான் தெளிவாகக் காணலாம். சிலிண்டரைப் போர் செய்து, புதுப் பிஸ்டன் இட்டு, வால்வைத் தேய்த்து, எல்லாவற்றையும் பூட்டி முடித்த ஒரு வண்டி, உதைத்தவுடன் கார்புரேட்டர் வாய்வழியே துப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்தாலும் அப்படித் துப்பும். உள்மூச்சு வால்வு சரியாக மூடாவிட்டாலும் துப்பும். டைமிங் செயின் ஒரு பல் தவறி விழுந்திருந்தாலும் துப்பும். இங்கே அனுபவசாலி செய்யும் முதல் சோதனை மிக எளியது: சோக்கைச் சிறிது மூடிப் பார்ப்பார். எஞ்சின் உடனே தெளிந்தால் குறை கலவையில் இருக்கிறது. பைலட் ஜெட்டில் அடைப்போ, கார்புரேட்டருக்கும் சிலிண்டர்த் தலைக்கும் நடுவிலுள்ள கேஸ்கட்டில் காற்றுக் கசிவோ இருக்கலாம். சோக்கினால் யாதொரு மாறுதலும் இல்லையெனில், அவர் கார்புரேட்டரைத் தொடமாட்டார். டேப்பட் மூடியைத் திறப்பார்.

அதன் பின்னர் வரும் கிரமமும் மாறாதது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ஃபீலர் கேஜ் நுழைத்து டேப்பட் இடைவெளியைப் பார்ப்பது, பிறகு மேக்னட்டிலுள்ள குறியும் கேம் சக்கரத்துக் குறியும் நேர்நிற்கின்றனவா என்று பார்ப்பது, கம்ப்ரஷனை அளப்பது, கேமின் மேடு தேய்ந்திருக்கிறதா என்று வால்வு எழும்பும் உயரத்தை டயல் கேஜில் அளப்பது, தீப்பொறியைச் சோதிப்பது, எல்லாம் முடிந்த பின்னரே ஃப்ளோட், ஜெட், ஏர் ஸ்க்ரூ. வால்வின் இருக்கையைத் தேய்த்த எஞ்சினில் வால்வு சிறிது மேலெழுந்து நிற்பதால் டேப்பட் இடைவெளி குறைந்துபோகும். குளிர்ந்தபோது குறையில்லாமல் ஓடும் வண்டி, சூடேறியதும் வால்வு முழுவதும் மூடாமல் கம்ப்ரஷன் இழந்து நின்றுவிடும். வண்டிக்காரரோ கார்புரேட்டரில் பெட்ரோல் நிரம்பி வழிகிறது என்று சாதிப்பார். நோயின் காரணத்தை ஆராய்ந்து தெளிவதற்கு ஆயுர்வேத சாஸ்திரம் வைத்த பெயர் நிதானம். அவசரமின்மைக்கும் நம் பேச்சில் அதுவே பெயர். இரண்டு பொருளும் ஒன்றாய்க் கூடும் இடம் இது.

உலகில் இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் பந்தயக்காரர்கள். அமெரிக்காவில் 1932இல் ஃபோர்டு நிறுவனம் மலிவு விலையில் எட்டு சிலிண்டர்க் கார் ஒன்றை வெளியிட்டபின், கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் இளைஞர்கள் பழைய கார்களின் உடலைக் குறைத்து, எஞ்சினைப் பிரித்துக் கட்டி ஓட்டினார்கள். அவற்றுக்கே ஹாட் ராட் என்று பெயர் வந்தது. அவர்களுக்குக் கேம்ஷாஃப்ட்டைத் தேய்த்துக் கொடுத்த எட் வின்ஃபீல்டு என்பவர் கார்புரேட்டரும் செய்தவர். இரண்டும் ஒரே கையில் கூடியது தற்செயல் அன்று. வேகத்திற்காக வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேமைப் பொருத்தினால், உள்மூச்சும் வெளிமூச்சும் சிறிது நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். ஓட்டத்தில் அது வலிமை தரும், நின்ற நிலையிலோ உறிஞ்சும் சக்தி குன்றி, கார்புரேட்டரின் சிறு துவாரங்கள் பெட்ரோலை ஒழுங்காக இழுக்கமாட்டா. எஞ்சின் தடுமாறும், அறியாதவர் கார்புரேட்டரை மாற்றுவார், தடுமாற்றம் போகாது. பேரனுக்குத் தாத்தாவின் நடை வந்ததற்குச் செருப்பைக் குறைசொல்வது போன்றது அது.

நம்மிடத்தும் அந்தப் பந்தயப் பள்ளி இருந்தது. சென்னைக்கு வடக்கே, யுத்தகாலத்து விமானத்தளமான சோழவரத்தில், 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகு 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பாதை அமைந்தது. ஓசூரிலும் 1982இல் டி.வி.எஸ். பந்தயக்குழு தோன்றிற்று. பந்தயத்துக்கென்று எஞ்சினைத் திருத்துகிறவன் ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொள்கிறான்: ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்று, மாற்றியதன் பலனைக் கண்ட பின்னரே அடுத்ததைத் தொடு. புதுக் கேமுக்குப் பழைய டேப்பட்டைக் கூட்டாதே. இரண்டும் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்தியவை, ஜோடியை மாற்றினால் மேடு தட்டையாகிவிடும். டேப்பட்டின் அடி தட்டையாயுள்ள எஞ்சினில், முதல் முறை ஓட்டும்போது நெடுநேரம் ஸ்லோவில் விடாதே. எண்ணெய் நன்றாகத் தெறிக்கும் வேகத்தில் சுமார் இருபது நிமிஷம் ஓடவிடு. ஆகவே, முதல் உதையிலேயே எஞ்சின் பற்றிக்கொள்ளும்படி கார்புரேட்டரைத் தயாராக வைக்கவேண்டும். அதைத் திருத்திக்கொண்டே பத்து நிமிஷம் உதைத்துக்கொண்டிருந்தால், மாதாவின் பிசகினால் பிதா மடிவார்.

காலம் இந்த இரண்டு உறுப்புக்களையும் நடத்திய விதத்தை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. விவசாயியின் பால்கேனையும் பூக்கூடையையும் சுமந்த ஓசூர் மொபெட், 2015இல் எக்ஸ்.எல். 100 ஆக ஃபோர்-ஸ்ட்ரோக் வடிவம் பெற்று முதன்முறையாகக் கேம்ஷாஃப்ட்டைக் கண்டது. 2020 ஏப்ரல் முதல் தேதி பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகைக்கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபோது, கார்புரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீச்சும் முறை அந்த மொபெட்டிலும் வந்துவிட்டது. மொபெட் என்னும் அந்த எளிய குடும்பத்தில் மாதாவும் பிதாவும் சேர்ந்து வாழ்ந்தது ஐந்தாண்டுகளுக்குள். அதற்கடுத்த 2021இல், ஓசூரில் ஏதர் தொழிற்சாலையும், இதே மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஓலா தொழிற்சாலையும் மின்சார ஸ்கூட்டர் செய்யத் தொடங்கின; அவற்றில் கார்புரேட்டரும் இல்லை, கேம்ஷாஃப்ட்டும் இல்லை. 1980இல் ஒன்று மட்டும், பிறகு இரண்டும், பிறகு மற்றொன்று மட்டும், இறுதியில் இரண்டும் இல்லாமை என்று, நாற்பத்தோரு ஆண்டுகளில் ஒரே பிரதேசம் தன் இருசக்கர வண்டிகளில் எல்லா நிலைகளையும் கண்டுவிட்டது.

புதியது வருவதில் எனக்கு வருத்தமில்லை. காற்று தூய்மையாவது பெரும் நன்மை. ஆனால் விற்றுப்போன கோடிக்கணக்கான கார்புரேட்டர் எஞ்சின்கள் இன்னும் சாலையில் இருக்கின்றன; அவற்றின் நோய் அறிந்த செவிகளோ முதுமை அடைந்துவருகின்றன. கேட்டும் தொட்டும் கற்ற அந்த வித்தையைக் கிரமப்படுத்தித் தமிழில் எழுதி வைப்பது நம் தொழிற்கல்வி நிலையங்களின் கடமை என்று நான் கருதுகிறேன். எந்தக் குறி கண்டால் எதைத் தொடுவது என்பதைக் காட்டிலும், எதை முதலில் தொடக்கூடாது என்பதே அந்நூலின் பெரும்பகுதியாக இருக்கும். மின்சார மோட்டாரின் பழுதை ஆராயப் போகும் மாணவனுக்கும் அந்த ஒழுங்கு பயன்படும்.

தேர்ந்த மெக்கானிக் ஒருவர் கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் ஒரு காரியம் செய்வதைக் கூர்ந்து பார்த்தவர்கள் அறிவார்கள். அதை முதலில் மெல்ல உட்பக்கமாக முடுக்கி, முழுவதும் மூடுவதற்கு எத்தனை சுற்று ஆயிற்று என்று வாய்க்குள் எண்ணிக்கொள்வார். ஒன்றரை என்றால் ஒன்றரை. திருத்தியது தவறானால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்கு அந்த எண்ணிக்கை ஒன்றே வழி. ஓசூர் இப்போது வெகுவேகமாக ஒரு திருகைக் கழற்றிக்கொண்டிருக்கிறது. அது எத்தனை சுற்றில் நின்றிருந்தது என்பதை, நினைவுள்ளவர்கள் இருக்கும்போதே எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும்.