ஐயர் இல்லாத கல்யாணம் சட்டப்படி செல்லுமா? பிரிவு 7ஏ சொல்வது என்ன?

மந்திரம் இல்லை, ஹோமம் இல்லை. மாலை மாத்திக்கிட்டா கல்யாணம் முடிஞ்சுது! தமிழ்நாட்டில் இன்று இது சாதாரணம். ஆனால், ஒரு காலத்தில் இப்படித் திருமணம் செய்தவர்கள் சட்டப்படி கணவன், மனைவியே இல்லை.

எப்போது தொடங்கியது?

1928-ல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததே முதல் சுயமரியாதைத் திருமணம் எனப்படுகிறது. பிறப்பால் யாரும் உயர்ந்தவர் இல்லை என்றவர்கள், புரோகிதரைத் தவிர்த்தனர்.

என்ன சிக்கல் வந்தது?

1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய திருமணம் செல்லாது என்றது. சாஸ்திரச் சடங்கும் நடக்கவில்லை, நீண்டகால வழக்கம் என்றும் சொல்ல முடியாது என்பதே காரணம். இதனால் மனைவி என்ற அந்தஸ்து, பிள்ளைகளின் சொத்துரிமை எல்லாமே கேள்விக்குறியானது. 1955-ல் வந்த இந்து திருமணச் சட்டமும் வழக்கமான சடங்குகளைத்தான் கேட்டது.

யார் மாற்றியது?

1967 தேர்தலில் திமுக ஜெயித்தது. முதல்வரான அண்ணா, இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தார். 1968 ஜனவரியில் அமலுக்கு வந்தது.

7ஏ படி என்ன செய்யணும்?

உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில், இவற்றில் ஏதாவது ஒன்று போதும்:

* தங்களுக்குப் புரியும் மொழியில் 'உங்களைத் துணையாக ஏற்கிறேன்' எனச் சொல்வது
* மாலை மாற்றுவது அல்லது மோதிரம் அணிவிப்பது
* தாலி கட்டுவது

அதாவது, தாலிகூட கட்டாயம் இல்லை. முக்கியமாக, அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று சட்டம் சொன்னது. கோர்ட் வழக்கமாக ஏற்காததை, மக்கள் ஓட்டு போட்டு அனுப்பிய சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது.

ரகசியமாகச் செய்தால்?

வக்கீல் அலுவலகத்தில் ரகசியமாக நடக்கும் திருமணம் செல்லாது என 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வீட்டு எதிர்ப்புக்கும் உயிருக்கும் பயப்படும் ஜோடிகளிடம், ஊரறிய நடத்துங்கள் என்று கட்டாயப்படுத்த முடியாது என்பதே அதன் பார்வை. வக்கீலும் நண்பர் என்ற முறையில் முன்னின்று நடத்தலாம்.

இதை மறக்காதீங்க!

மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இருவருமே இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருபவர்களாக இருக்கணும். வேறு வேறு மதம் என்றால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்தத் திருமணமாக இருந்தாலும் பதிவு கட்டாயம்.