தளர்வு என்னும் பகை

1897ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் ஒரு காட்சியைக் கண்டார் என்பர். குதிரைவண்டிக்காரர்கள் இறக்கத்தில் வண்டியைத் தடுக்க, மரத்தாலான தடைக்கட்டையில் பழைய காலணித் தோலைச் சேர்த்து வைத்திருந்தனராம். மரம் வழுக்கும் இடத்தில் தோல் பற்றியது. அந்த எண்ணத்திலிருந்துதான் ஃபெரோடோ என்னும் லைனிங் தொழில் பிறந்தது. லைனிங்கைத் தாங்கும் வளைந்த இரும்புக்கு ஆங்கிலத்தில் 'ஷூ' என்றே பெயர். நம் பணிமனைகளும் அச்சொல்லை மொழிபெயர்க்காமலே ஏற்றுக்கொண்டன. பாடநூல்கள் தந்த 'தடைக்கட்டை' அங்கு நுழையவே இல்லை.

1902இல் பிரான்சின் லூயி ரெனோ, சக்கரத்தோடு சுழலும் உருளைக்குள் இரண்டு ஷூக்களை வைத்து அவற்றை வெளிநோக்கி அழுத்தும் முறைக்கு உரிமம் பெற்றார். அதற்கு முன் உருளையின் வெளிப்புறத்தை இறுக்கிய பட்டைகள் சேற்றிலும் நீரிலும் நனைந்து பயனற்றுப் போயின. உள்ளே மூடப்பட்ட ஷூவுக்கு அத்துன்பம் குறைவு. லைனிங்குக்கு ஆஸ்பெஸ்டாஸ் நெடுங்காலம் பயன்பட்டது. அதன் தூசு பணிமனைத் தொழிலாளரின் நுரையீரலுக்குச் செய்த கேடு தனியே எழுதப்பட வேண்டியது.

ஆனால் ரெனோவின் அமைப்போடு ஒரு பகையும் உடன் பிறந்தது. ஒவ்வோர் அழுத்தத்திலும் லைனிங் தேய்கிறது. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையிலான வெளி வளர்கிறது. திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கில் மிதி கீழே இறங்கி ஓட்டுநரை எச்சரித்துவிடும். கனரக லாரிகள் காற்றழுத்தத்துக்கு மாறியபோது இந்த எச்சரிக்கை மறைந்தது. ரயிலுக்காக 1869இல் வெஸ்டிங்ஹவுஸ் உரிமம் பெற்ற காற்றுத் தடை, 1920களில் லாரிக்கு வந்தது. நம் பக்கத்தில் 1962இல் தொடங்கப்பெற்ற சுந்தரம் கிளேட்டன், சென்னையை அடுத்த பாடியில் அதை உற்பத்தி செய்தது. காற்று எவ்வளவு இடமிருந்தாலும் நிரப்பிக்கொள்ளும். ஆகவே பின்சக்கரம் எவ்வளவு தளர்ந்திருந்தாலும் மிதி காலுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். சமதளத்தில் வண்டியும் நின்றுவிடும். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகும்போதுதான், தள்ளுதண்டு தன் எல்லையைத் தொட்டு, தள்ள மேலும் இடமின்றி நிற்கும்.

இத்தளர்வை நீக்கவே தண்டுக்கும் 'எஸ்' வடிவக் கேமுக்கும் இடையே ஸ்லாக் அட்ஜஸ்டர் என்னும் நெம்புகோல் அமைந்தது. பழைய வகையில், லைனிங் டிரம்மைத் தொடும்வரை திருகி, பின் கால் அல்லது அரைச் சுற்றுத் தளர்த்துவது வழக்கம். ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பலரும் அதையே குறை சொல்வர். அது இறுகிப் பிடித்திருத்தலும் கூடும். ஆயினும் மற்றவை தளர்ந்திருக்க, அது மட்டும் எல்லாச் சுமையையும் தாங்குவதாகவும் இருக்கலாம். குளிர்ந்திருக்கும் சக்கரத்தையே முதலில் ஐயுற வேண்டும் என்பது நம் கருத்து.

பின்னர்த் தானே சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் வந்தது. அமெரிக்கா 1994 அக்டோபர் முதல் காற்றுத் தடை கொண்ட புதிய லாரிகளில் அதைக் கட்டாயமாக்கியது. பகை ஒழிந்தது என எண்ணிய இடத்தில்தான் விபரீதம் நேர்ந்தது. 2003 ஏப்ரல் 11இல் பென்சில்வேனியாவின் கிளென் ராக் என்னும் ஊரில், இறக்கத்தில் வந்த டிப்பர் லாரி நிற்க இயலாமல் நான்கு கார்கள் மீது மோதியது, உயிர்கள் போயின. ஆராய்ந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2006இல் அறிக்கை தந்தது. தானியங்கி அட்ஜஸ்டரைக் கையால் திருகிச் சரிசெய்வது அடியிலுள்ள கோளாற்றை மறைத்து, போலியான நம்பிக்கையைத் தந்துவிடும் என்பதே அதன் சாரம்.

தானியங்கி அட்ஜஸ்டர் பின்தங்குகிறதென்றால் அதற்கொரு காரணம் இருக்கும்: கேம் புஷ் தேய்ந்திருக்கலாம், இணைப்பு ஊசி தளர்ந்திருக்கலாம், பொருத்தியது பிழையாயிருக்கலாம், அட்ஜஸ்டரே செத்திருக்கலாம். ஸ்பேனரால் திருகினால் அன்றைக்கு வண்டி நன்றாக நிற்கும். சில நாளில் மீண்டும் தளரும். எனவே திருகுவதற்கு முன் அளக்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கலத்தில் போதிய காற்றை நிரப்பி, மிதியை முழுதும் அழுத்தச் சொல்லித் தண்டு வெளிவரும் நீளத்தைப் பார்ப்பர். முப்பதாம் எண் பிரேக் சேம்பரின் வழக்கமான வகையில் அது இரண்டு அங்குலத்தைத் தாண்டினால், அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.